பின்னால் கட்டிய கைகள்

மூன்றாவது பொத்தான் துளைக்குள் போக மறுக்கிறது. கலியாணசுந்தரம் ஐயாவின் விரல்கள் அதைப் பிடிக்கின்றன, நழுவ விடுகின்றன, மறுபடியும் தேடுகின்றன. எதிரே ஷரீஃபுதீன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் நாட்காட்டியில் குடை பிடித்திருக்கும் சீனப் பெண்ணை ரொம்பவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மரம் மாதிரி நிக்கிறியே ஷரீபு, போட்டுவிட்டா உன் கை தேஞ்சா போயிடும்?”

“என் கை தேயாதுங்க. உங்க கை மறந்து போயிடும்.”

“அப்புறம் உன்னை எதுக்குடா வேலைக்கு வெச்சிருக்கு?”

“இப்படிச் சும்மா நிக்கிறதுக்குத்தான். செஞ்சு பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.”

பொத்தான் நுழைந்துவிடுகிறது. அந்த நொடியே சீனப் பெண்ணின் மேல் ஷரீஃபுதீனுக்கிருந்த ஆர்வமும் தீர்ந்துவிடுகிறது. “நாலாவது,” என்கிறார்.

மலாக்காவின் காஜா பெராங்கில் ஷரீஃபுதீனைத் தெரியாதவர்கள் குறைவு. ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. சொங்கோக் தொப்பிக்கு வெளியே தெரியும் முடி நன்றாகவே நரைத்திருக்கிறது; மீசை மட்டும் மை தடவிக் கருகருவென்று இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், “கிழவர்களைப் பார்க்கப் போறவனும் கிழவனா இருந்தா வீட்டுக்காரங்களுக்கு நம்பிக்கை வருமா?” என்பார். நெடுங்காலம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அட்டெண்டராக இருந்தவர். இப்போது சைக்கிளில் வீடு வீடாகப் போகிறார். தனியாக இருக்கும் வயதானவர்களைக் குளிக்கவைத்து, நடக்கவைத்து, பசியாறவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் இன்று அவருடைய தொழில். குளிக்கவைப்பது என்றால் வாளியைத் தூக்கி வைப்பதும், வழுக்குகிறதா என்று தரையைக் காலால் தேய்த்துப் பார்ப்பதும் மட்டும்தான். முதுகு தவிர மற்ற இடமெல்லாம் அவரவர் பொறுப்பு.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் ஆட்களைப் பார்க்காது, தரையைப் பார்க்கும். எங்கே பலகை தூக்கிக்கொண்டிருக்கிறது, எங்கே ஈரம், எங்கே பாய். பாயைக் கண்டால் அவருக்கு ஆகாது. “இதுல இடறி விழுந்தவங்களை அள்ளி அள்ளியே என் இடுப்பு போச்சு,” என்று சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். என் வீட்டுக்கார அம்மா ருக்மணி அக்காவின் புதுப் பாயையும் ஒருநாள் கேட்காமலே சுருட்டிவிட்டார். அக்கா, “பாய் வந்தா பாய் இருக்காது,” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இதை எழுதும் நான் காஜா பெராங்கின் வரிசை வீடுகளில் ஒன்றில், ருக்மணி அக்காவிடம் வாடகைக்கு இருப்பவள். சிங்கப்பூரில் பட்டப் படிப்பை முடித்துவிட்டு இங்கே பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கலியாணசுந்தரம் ஐயா வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அதனால் ஷரீஃபுதீனின் குரலைத்தான் நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன். அவர் ராகமே இல்லாமல் பாடும் பாட்டுத்தான் முதல் அறிமுகம்.

கலியாணசுந்தரம் ஐயா பொதுப்பணி இலாகாவில் ரோடு ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்துத் தார்ச் சடக்குகள் பாதி அவர் முன்னால் நின்று போட்டவை. மனைவி இறந்த பிறகும் அந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். இந்த வருடத் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். இனி அந்தக் கட்டில்தான் என்று தெருவில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். ஐயாவும் அதே முடிவில்தான் இருந்தார்.

அப்போதுதான் ஷரீஃபுதீன் ஒரு கயிற்றோடு வந்தார். மலாக்கா ஆற்றில் தொங்காங் என்னும் சரக்குப் படகுகளைக் கட்டும் கயிறு, கைப்பிடி நிறைய வரும். தெரிந்த படகுக்காரரிடம் கேட்டு வாங்கியது. கட்டில் கால்மாட்டிலிருந்து சுவரோரமாக இரும்பு வளையங்கள் அடித்து, கூடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகக் குளியலறைக் கதவு வரை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினார். ஐயா படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “வளைவுல மட்டம் சரியில்லை.”

“அப்ப எழுந்து வந்து சரி பண்ணுங்க ஓவர்சியரே.”

எழுந்து போவதற்கு வாரங்கள் ஆயின. ஆனால் போனார். சமையலறைத் திருப்பத்தில் வளையத்தைக் கொஞ்சம் கீழே இறக்க வைத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

மற்ற ஏற்பாடுகளும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் எழுந்ததும் ஐயா தன் கைத்தடியான தொங்காட்டால் எங்கள் பலகைச் சுவரைத் தட்ட வேண்டும். பதிலுக்கு ருக்மணி அக்கா கரண்டியால் தட்டுவார். தட்டல் வராவிட்டால் அக்கா ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். மத்தியானச் சோறு முனையில் இருக்கும் யூசுப் கடையிலிருந்து வரும். “தருமச் சோறு வேண்டாம்,” என்று ஐயா முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாள் ஷரீஃபுதீன் ஒரு கூடை நெத்திலியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தலையைக் கிள்ளிக் கொடுத்தால் யூசுப் கடைச் சம்பால் தொக்குக்கு ஆகும், சோற்றுக்கும் கணக்கு நேராகிவிடும்.

“கவர்மெண்ட் ஓவர்சியர்டா நான். நெத்திலி தலை கிள்ளச் சொல்றியா?”

“நீங்க கிள்ள வேண்டாம். மேற்பார்வை பாருங்க. கூலியாள் கிடைக்கிற வரைக்கும் உங்க கையையே கூலிக்கு வெச்சுக்குங்க.”

இன்று யூசுப் கடையில் தலை ஒட்டிய ஒரு நெத்திலி கண்ணில் பட்டாலும் ஐயாவுக்குக் கோபம் வருகிறது. அது தான் கிள்ளியதாக இருக்காது என்று கடைக்கே சொல்லி அனுப்புகிறார்.

சாமி மாடத்து விளக்கை ஷரீஃபுதீன் சொல்லி ஒரு தட்டு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். கை தோளுக்கு மேல் போக வேண்டுமாம். “விளக்கு ஏத்தியாச்சா?” என்று தினமும் ஒரு முஸ்லிம் வந்து கேட்பதைப் பார்த்து அக்காவுக்கு முதலில் சிரிப்பு. வெள்ளிக்கிழமைகளில் ஐயாவைத் திரிஷா சைக்கிள் வண்டியில் ஏற்றி, தான் சைக்கிளில் பக்கத்தில் வந்து, ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் இறக்கிவிடுவார். பிறகு அதே தெருவில் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஐயா விபூதியோடு கோயில் வாசலில் காத்திருப்பார். “நீ ரொம்ப நேரம் கேக்குறே, எனக்குப் பிள்ளையார் சீக்கிரம் குடுத்துட்டார்,” என்பது ஐயாவின் நிரந்தர நக்கல்.

கம்போங் சிட்டி என்ற குடியிருப்பில் ஷரீஃபுதீன் கவனிக்கும் கண் தெரியாத ஒரு பெரியவர் இருக்கிறார். அவரோடு பேச்சு முழுக்க மலாய். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பெரியவர் கையால் சுவரைத் தடவிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார். பின்னால் ஷரீஃபுதீன், அதே மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “பெலான், பெலான்,” என்று மெதுவாகப் போகச் சொல்லியபடி. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த துரை நடந்து போவது போல இருந்தது. தெருவில் போன ஓர் அம்மா என் காதுபட, “பாவம் கிழவனைத் தடுமாற விட்டுட்டு இவன் நடக்கிற நடையைப் பாரு,” என்றார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இது கண்டிப்பா, கல்நெஞ்சா? ஒரு சாயங்காலம் கேட்டே விட்டேன். அவர் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, வார்டுல நாங்க யாரும் கெட்டவங்க இல்லே. நல்லவங்க. ஆனா அவசரம். ஒருத்தர் தானே சாப்பிட்டா அரை மணி ஆகும். நாம ஊட்டினா சீக்கிரம் முடிஞ்சிடும். கக்கூசுக்கு நடந்து போனா நேரமாகும். சட்டியை வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. தன் கால்ல நடந்து உள்ளே வந்த மனுசன் எங்க கையால நல்லா கவனிக்கப்பட்டே நடக்கிறதை மறந்துட்டான். நெறைய பேரைப் பாத்துட்டேன். பொறவு நான் என் கையைக் கட்டிக்கிட்டேன்.”

“கீழே விழுந்துவிட்டால்?”

அவர் சங்கிலியை இன்னொரு சுற்றுத் துடைத்தார். என் சந்தேகம் தீரவில்லை. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவும் என் அப்பாவுக்கும் ஒருநாள் கால் தளரும். அன்று நான் எந்த ஊரில் இருப்பேன்?

போன மாதம் ஐயாவின் மகன் ஜெயபாலனிடமிருந்து செய்தி வந்தது. சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார்; அப்பாவின் நிலைமையைப் பார்த்து, சரியில்லை என்றால் கையோடு சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நாலாவது மாடி வீடு. ஐயா செய்தியைக் கேட்டுவிட்டு, “மேலே ஏத்திட்டா அப்புறம் இறங்குறது பெட்டியிலதான்,” என்றார். அன்று முழுவதும் நெத்திலியைத் தொடவில்லை.

தெரு பதறிவிட்டது. ஐயாவை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. பெற்ற பிள்ளை வருகிற அன்று எல்லாம் மெச்சும்படி இருக்க வேண்டும் என்று ருக்மணி அக்கா தலைமையில் காரியங்கள் நடந்தன. வீடு கழுவியாயிற்று. புதுத் திரை போட்டாயிற்று. மகன் கண்ணில் படக்கூடாது என்று நெத்திலிக் கூடையை யூசுப் எடுத்துப் போனார். “பெத்த அப்பனைக் கருவாடு கிள்ள வெச்சிருக்கோம்னு நெனைப்பாரே!” என்பது அக்காவின் கவலை. கடைசியில் அக்காவின் பார்வை கயிற்றின் மேல் விழுந்தது. அழுக்கேறி, அங்கங்கே திரிதிரியாக, சுவர் நெடுகத் தொங்கியது. அக்கா முடிச்சுகளை அவிழ்த்து, அலசி, எங்கள் வீட்டுப் பின்புறம் கொடியாகக் கட்டிவிட்டார். ஷரீஃபுதீன் அன்று காலை பத்து பெரெண்டாம் என்ற ஊரில் புதிதாக ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார்.

ஜெயபாலன் வந்து இறங்கியபோது அவர் அப்பா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டையை அக்கா போட்டுவிட்டிருந்தார். யூசுப் ஒரு தோளையும் எதிர் வீட்டுக்காரர் ஒரு தோளையும் பிடித்து நாற்காலிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கோப்பியை ஆற்றிக் கையில் கொடுக்க ஓர் ஆள், குடித்த மங்குக் கோப்பையை வாங்கி வைக்க ஓர் ஆள். ஐயாவும் மறுக்கவில்லை, அந்த உபசாரம் அவருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. நடுவில் குளியலறைக்குப் போக வேண்டும் என்றார். எழுந்தார். கை தானாகச் சுவர்ப் பக்கம் போயிற்று. அங்கே வளையங்கள் மட்டும் இருந்தன. கால் நகரவில்லை. இரண்டு பேர் ஓடிவந்து அணைத்துப் பிடித்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. ஐயாவைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது மகனுக்குக் கண் கலங்கியிருந்தது. “நீங்க எல்லாரும் பண்றதுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலே. ஆனா பாத்ரூமுக்குப் போக ரெண்டு பேர் தூக்கணும்னா, ராத்திரியில யார் தூக்குவா? நான் அங்கே உக்காந்துகிட்டு எப்படித் தூங்குவேன்? நாளைக்குக் காலையில கூட்டிக்கிட்டுப் போயிடறேன்.”

அவர் சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ஐயா மட்டும், “நான் எங்கேயும் வரலே,” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

மத்தியானம் ஷரீஃபுதீன் வந்தார். வழக்கம்போலத் தரையைப் பார்த்தார், பிறகு சுவரை.

“கயிறு எங்கே?”

அக்காவுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. “பின்னால... துணி காயுது பாய். பாக்க மாட்டுக் கொட்டாய் மாதிரி இருந்துச்சு, அதான்...”

“மாட்டுக் கொட்டாய்ல மாடாவது நிக்குதேக்கா. போய் உங்க பாவாடை எல்லாத்தையும் எடுங்க, நான் தொட மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே ஈரக் கயிற்றைச் சுற்றி எடுத்துவந்து, வளையம் வளையமாகக் கோத்து, இழுத்துக் கட்டினார். முடித்த பிறகு ஜெயபாலனிடம் வந்து நின்றார்.

“தம்பி, நாளைக்கு ஒரு காலை நேரம் மட்டும் உக்காந்து பாருங்க. ஒண்ணும் செய்யாதீங்க. பொறவு நீங்க சொல்றதுதான். போகணும்னா கார்ல நானே ஏத்திவிடறேன்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இன்னிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நல்லது செஞ்சது போதும்,” என்றார். அந்த வார்த்தை கொஞ்சம் கடுமைதான். யூசுப் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் ருக்மணி அக்கா கையில் கரண்டியோடு பலகைச் சுவர் அருகே நின்றார். தட்டல் வரவில்லை. நான் சீலையைக் கட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது, அடங்கியது. “நான் கெடுத்துட்டேன் தங்கச்சி,” என்றார் அக்கா. அதற்குப் பிறகும் நெடுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் தொங்காட் பலகையில் மோதியது. அக்கா பதிலுக்குத் தட்டிய தட்டலில் கரண்டிக் காம்பு வளைந்துவிட்டது. கோப்பிச் செம்பை என் கையில் கொடுத்து, “நீ போ, நான் வந்தா கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன்,” என்று அனுப்பினார்.

நான் சமையலறைப் பக்கமாக உள்ளே போனேன். ஐயா அப்போது குளித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து வந்துகொண்டிருந்தார். கயிறு இன்னும் ஈரமாக இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் கை வழுக்கியது. நின்று, பிடியை மாற்றி, மறுபடி நடந்தார். விளக்கை ஏற்றினார். சட்டையை எடுத்தார். மூன்றாவது பொத்தான் வழக்கத்தைவிட அதிகமாக அடம் பிடித்தது. மகன் நாற்காலியில் நுனிக்கு வந்துவிட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள்ல மெர்டேக்கா,” என்றார் ஷரீஃபுதீன் நாட்காட்டியைப் பார்த்தபடி. “நாடே சொந்தக் கால்ல நிக்கப் போவுது, ஒரு பொத்தான்கிட்ட இந்தப் பாடா?”

“நாட்டுக்கு இடுப்பு உடையலைடா.”

பொத்தான் நுழைந்தது. இனி மிச்சம் கூடத்து வெறுந்தரை. கயிறு கூடத்துச் சுவரோரமாகவே போய்விடும். அங்கிருந்து மேசை நாற்காலி வரை தொங்காட் மட்டும்தான் துணை. பாதி வழியில் ஈரக் கையிலிருந்து தொங்காட் நழுவிக் கீழே விழுந்து, மேசையடிக்கு உருண்டு போயிற்று.

ஐயா கூடத்தின் நடுவில், பிடிக்க எதுவும் இல்லாமல், தனியாக நின்றார். ஜெயபாலன் எழுந்துவிட்டார்.

ஷரீஃபுதீனுக்கு நேர் பின்னால் நான் நின்றிருந்தேன். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் எப்போதும்போல, ஊர் பார்க்க வந்த துரையாகத்தான் தெரிந்திருப்பார். பின்னாலிருந்த எனக்கு அந்தக் கைகள் தெரிந்தன. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஓடப் பார்க்கிற ஒன்றைப் பிடித்து நிறுத்துகிற பிடி. நகங்கள் சதைக்குள் இறங்கியிருந்தன.

“உக்காரு,” என்றார் ஐயா மகனிடம். சாலையில் கூலியாட்களை நிறுத்திவைத்த பழைய குரல் அது. மகன் உட்கார்ந்தார். ஐயா காலைத் தூக்கவில்லை. தரையோடு தேய்த்து, ஒரு பக்கம், மறுபக்கம் என்று நகர்த்தினார். கை நீண்டது. நாற்காலி முதுகு எட்டியது. சுற்றிவந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். பிறகு வலது காலை மேசையடிக்கு நீட்டி, தொங்காட்டின் வளைந்த பிடியில் கால் விரலைக் கொக்கியாக மாட்டி இழுத்தார்.

“இதை ஷரீபு சொல்லிக் குடுக்கலே,” என்றார் மகனைப் பார்த்து. “நானா கண்டுபிடிச்சது.”

நான் கோப்பியை ஊற்றினேன். ஜெயபாலன் மங்குக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார், “தீபாவளிக்கு வரேன்ப்பா. அதுவரைக்கும் இங்கேயே இருங்க. அப்போ பாத்துக்கலாம்.”

“வரும்போது கயிறு ஒண்ணு வாங்கிட்டு வா. இது திரிதிரியாப் போவுது.”

ஷரீஃபுதீன் அப்போதுதான் கைகளை அவிழ்த்தார். வெளியே போய், யூசுப் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்த நெத்திலிக் கூடையை எடுத்துவந்தார். மணிக்கட்டில் நகங்கள் பதிந்த இடம் சிவந்து, பிறை பிறையாக இருந்தது. கூடையை மேசைமேல் ஐயாவின் கை எட்டும் இடத்தில் வைத்தார். திரும்பி இரண்டு அடி நடந்தவர், மறுபடி வந்து, அதை இன்னும் ஒரு சாண் அப்பால் தள்ளி வைத்தார்.